மாடுகள் நடந்த பாதை

பலெர்மோ ரெஸ்ரோரண்ட் குசினிகளில் நாங்கள் வெட்டுகிற கச்சோகவால்லோ சீஸ் பாரம்பரியமாக ஒரு கறுத்த மாட்டின் பாலில் செய்யப்பட்டது. நகருக்கு மேற்கேயுள்ள சினிசி ஊரின் பெயரால் அதைச் சினிசாரா என்பார்கள். கல்லும் முள்ளுமான சரிவிலும் மேய்ந்து பிழைக்கிற இனம். அதன் வரலாற்றை விசாரிக்கப் போன எங்களுக்கு ஊர்ப் பட்டிகளே நினைவில் வந்தன.

வட ஐரோப்பாவில் மாட்டுக்குப் பஞ்சம் பனிக்காலத்தில். சிசிலியில் அது கோடையில். ஐப்பசி மழையோடு கரையோரத்தில் தளிர்க்கும் புல் வைகாசி முடிவில் கருகிவிடும். அப்போதும் மடோனியே மலைகளின் உயரங்களில் பச்சை இருக்கும். ஆகவே புல்லை வெட்டி உலர்த்தி மாட்டிடம் கொண்டுவருவதைக் குறைத்து, மாட்டைப் புல்லிடம் கொண்டுபோனார்கள். கோடையில் மலை, மாரியில் கரை. இடையில் கோதுமை வெட்டிய தாளிலும் மேய்ச்சல், எரு வயலுக்கு. சுல்லா என்ற செந்நிறப் பூப்பூக்கும் அவரையினச் செடியைக் கோதுமையோடு மாற்றி விதைத்தார்கள். அது மாட்டுக்குத் தீன், மண்ணுக்கு உரம்.

இந்த நடைக்கு வழி வேண்டும். அரச திராட்சேரே எனப்பட்ட மந்தைவழிகளின் அகலம் 37.68 மீற்றர். மாடு மேய்ந்துகொண்டே நடப்பதற்கு அவ்வளவு வேண்டும். காலப்போக்கில் பல தார்வீதிகளாயின. பலவற்றை அயல்காணிகள் விழுங்கின. 1923 டிசெம்பரில் வந்த சட்டம், தேவையில்லையென்று கண்ட பகுதிகளைப் பிடித்துவைத்திருந்தவர்களுக்கே உரிமையாக்க வழிசெய்தது. நடக்க வழியில்லாத மாட்டுக்கு உலர்புல்லும் விலைத்தீனும்தான் கதி. 2019இல் யுனெஸ்கோ இந்த மந்தைநடையை மனிதகுலத்தின் மரபுரிமையாக ஏற்றது. அருகிப்போன பிறகுதான் ஒன்றுக்குப் பட்டயம் கிடைக்கிறது.

மட்டக்களப்பிலும் இதே கணக்குத்தான். பெரும்போக விதைப்போடு பட்டிகள் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் போகும். அறுவடை முடிய ஊர்வயல்களின் தாளுக்குத் திரும்பும். அந்த மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர்செய்வதை எதிர்த்து 2023 செப்ரெம்பர் 15 அன்று பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டத்தில் அமர்ந்தார்கள்.

எங்களில் சிலர் பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டு வந்தவர்கள். பட்டிக்காரனைப் படியாதவன் என்று நினைத்து வளர்ந்தவர்கள். மழையையும் புல்லையும் பயிரையும் ஒரே கணக்கில் வைத்திருந்தவன் அவன். மேய்ச்சல் தரை வெறுங்காணி அல்ல. ஆண்டில் சில மாதம் மாடில்லாமல் கிடந்தால்தான் அங்கே புல் திரும்ப வளரும். அந்த மாதங்களைக் காட்டித்தான் அதை வெறுங்காணி என்கிறார்கள்.

சிசிலிக்காரர் தங்கள் பாதைகளைப் பெரும்பாலும் இழந்தபிறகு எழுதிவைத்தார்கள். நாங்கள் பாதை மிஞ்சியிருக்கும்போதே எழுதவேண்டும்.