உறுதியில் ஓர் எழுத்துப் பிழை: காணி கைவிட்டுப் போகுமா?

அம்மாவின் சீதன உறுதியில் அவருடைய பெயரில் ஒரு எழுத்துப் பிழை. வடக்கு எல்லையும் தெற்கு எல்லையும் இடம்மாறி இருந்தன. முப்பது வருடமாக வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. கடனுக்காக வங்கிக்குக் கொண்டுபோன அன்று, "இது செல்லாது" என்றார்கள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

சட்டத்தரணி ஒருவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "பிழைதான், ஆனால் உறுதி செல்லும்" என்றார்.

இரண்டும் வேறு என்பதைப் பலர் அறிவதில்லை. காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்தாக வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இதில் குறை இருந்தால் உறுதி உயிரற்றது. எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. ஆனால் நொத்தாரிசு தனக்குரிய விதிகளில் வடிவம் சார்ந்த ஒன்றைத் தவறவிட்டார் என்பதற்காக மட்டும் உறுதி செல்லாமல் போகாது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பெயர், எல்லை போன்ற விபரங்களில் பிழை இருந்தாலும், எந்த ஆள், எந்தக் காணி என்பது ஏனைய விபரங்களால் தெளிவானால் நீதிமன்றம் பொதுவாக உறுதியைக் கைவிடுவதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டிய பிழை வேறொன்று. அது உறுதியை வாசித்தால் தெரியாது. காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஓர் ஏடு உண்டு. உறுதி தவறான ஏட்டில் பதியப்பட்டால் அது முறையாகப் பதியப்பட்டதாகக் கருதப்படாது. பிறகு அதே காணியைப் பணம் கொடுத்து வாங்கிய ஒருவர் சரியான ஏட்டில் பதிந்தால், முந்திய உறுதிக்காரர் தோற்கக்கூடும். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியதால் காணியே போகலாம். ஆகவே உறுதியை மட்டும் பார்த்து ஆறுதலடையாமல், பதிவகத்தில் ஏட்டுப் பிரதி எடுத்துப் பாருங்கள்.

பிழையைக் கண்டால் பேனையால் வெட்டித் திருத்தவே கூடாது. கையெழுத்தான பின் செய்யும் திருத்தம் மோசடிச் சந்தேகத்தையே வரவழைக்கும். பெயர் வித்தியாசத்துக்குச் சில இடங்களில் சத்தியக் கடதாசி போதும். எல்லை, பரப்பு, குழி போன்றவற்றுக்குத் திருத்த உறுதி முடிக்க வேண்டும். அதில் முதல் உறுதியின் தரப்பினரே கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தால் வழக்குத்தான்.

எங்களுக்கு வழக்கு வரவில்லை. உறுதி எழுதிக் கொடுத்த அம்மம்மா இன்னும் இருக்கிறார். 86 வயது. நொத்தாரிசு வீட்டுக்கே வந்தார். கை நடுங்க அம்மம்மா கையெழுத்து வைத்தார். "முதலே ஒழுங்காய் வாசிச்சிருக்கலாமே" என்று அம்மாவை ஏசியும் விட்டார்.