பெட்டிக்கு ஒரு தோட்டா!

துப்பாக்கித் தோட்டா ஒன்றை எப்போதாவது கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சினிமாவில் பார்த்ததோடு சரி என்கிறீர்களா? பரவாயில்லை. ஒரு சின்ன விஷயத்தை மட்டும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு! தோட்டா என்பது முழுப் பொட்டலம். அடியில், நம் தீபாவளிப் பொட்டுவெடி மாதிரி, தட்டினால் தீப்பொறி கிளப்பும் ஒரு குட்டி மூடி. அதற்கு மேலே உலோகக் கூடு. கூட்டுக்குள் வெடிமருந்து. கூட்டின் வாயை அடைத்துக்கொண்டு கூர்மூக்கோடு நிற்கிறதே... அதுதான் குண்டு. சுடும்போது பறந்துபோய்த் தாக்குவது அது மட்டும்தான்.

இந்தக் குண்டை, சுடாமலேயே, ஒரு கீறல்கூட விழாமல் கூட்டிலிருந்து கழற்ற முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சொந்தமாகத் தோட்டா தயாரித்துக்கொள்ளும் வேட்டைப் பிரியர்கள் ஏராளம். மருந்து கொஞ்சம் கூடிப்போச்சோ என்று சந்தேகம் வந்தால் பிரித்துவிடுவார்கள். அதற்கென்றே சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் செருகி, கட்டையில் ஓங்கி ஒரு தட்டு! கூடு அப்படியே நின்றுவிட, குண்டு மட்டும் கழன்று முன்னால் வந்து விழும். டவுன் பஸ் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நாம் முன்சீட்டில் போய் முட்டிக்கொள்கிறோம் அல்லவா, அதே சமாச்சாரம்தான். குண்டு நசுங்காமல் வந்தால் மறுபடி பயன்படுத்தலாம். காசு மிச்சம்!

சிக்கனத்துக்காகச் செய்கிற இந்தக் குடிசைத் தொழிலை ஒரு வல்லரசு கையில் எடுத்துக்கொண்ட கதைதான் இந்த வாரம். வாருங்கள், வியட்நாமுக்குப் போவோம்.

1964-ல் சைகோனில் அமெரிக்க ராணுவம் ஒரு ரகசியப் பிரிவை ஆரம்பித்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஆய்வு மற்றும் பார்வையிடல் குழு'! நாலு பேராசிரியர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு புள்ளிவிவரம் எழுதுகிற இடம் மாதிரி இல்லை? சுருக்கமாக எஸ்.ஓ.ஜி. நிஜத்தில் அவர்கள் வேலை, எல்லை தாண்டி லாவோஸ், கம்போடியா காடுகளுக்குள் இறங்கி ஹோ சி மின் பாதையை வேவு பார்ப்பது. வட வியட்நாமிலிருந்து தெற்கே போராளிகளுக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்த வழி அது. லாரியில், சைக்கிளில், முதுகுச் சுமையாக... எப்படியோ வந்துகொண்டே இருந்தது.

காட்டுக்குள் எஸ்.ஓ.ஜி. ஆட்களின் கண்ணில் அவ்வப்போது தோட்டாக் கிடங்குகள் தட்டுப்படும். ஆனால் கொஞ்சம் ஆட்களோடு போகிற சிறு குழு, டன் கணக்கான பெட்டிகளை எப்படித் தூக்கி வரும்? வெடி வைத்தால்? தோட்டாக்கள் நாலாபுறமும் சிதறுமே ஒழிய அழியாது. மறுநாள் வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

1966-ல் இந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தார் ஜான் சிங்லாப். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸில் பாராசூட்டில் குதித்து நாசவேலை செய்த பழைய கை. அவருக்கு ஒரு குயுக்தி தோன்றியது. எதிரியின் தோட்டாக்களை நாம் ஏன் எடுக்க வேண்டும்? கூடுதலாக ஒன்றை வைத்துவிட்டு வந்தால் என்ன?

திட்டத்துக்கு 'எல்டஸ்ட் சன்' என்று பெயர். அதாவது மூத்த மகன்! வேலை நடந்த இடம் ஜப்பானின் ஒகினாவா தீவு. செய்தவர்கள் சி.ஐ.ஏ. தொழில்நுட்ப ஆட்கள். ஏகே ரகத் துப்பாக்கிகளுக்கான சீனத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்து, உள்ளே இருந்த மருந்தைக் கொட்டிவிட்டு, வேறொரு பயங்கர வெடிபொருளை அடைத்து, பழையபடி மூட வேண்டும். கேட்க சுலபம். ஆனால் சீனர்கள் குண்டும் கூடும் சேரும் இடத்தில் கெட்டியாக அரக்குப் பூச்சு பூசியிருந்தார்கள். லேசில் கழலவில்லை. பலத்தைக் காட்டினால் குண்டில் கீறல் விழுகிறது. கீறலைப் பார்த்தால் எதிரி உஷாராகிவிடுவானே!

மாதக்கணக்கில் நடந்தது இந்தப் பிடுங்கல் வேலை. கடைசியில் கைகொடுத்தது தோட்டாவின் அமைப்பேதான். சில குண்டுகளில் விழுந்த மெல்லிய கீறல்கள், திரும்பப் பொருத்தும்போது கூட்டின் வாய்க்குள் மறைந்துபோயின. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பரிசோதித்த பிறகே அனுப்பினார்கள்.

இன்னொரு சிக்கலும் வந்தது. முதலில் போட்ட வெடிபொருள் வெள்ளைவெளேர் என்று இருந்தது. சந்தேகப்பட்டு யாராவது ஒரு தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் பார்வைக்கு அசல் துப்பாக்கி மருந்து போலவே இருக்கும் வேறொன்றைத் தேடிப் பிடித்தார்கள். ஏகே துப்பாக்கி தாங்கக்கூடியது சதுர அங்குலத்துக்குச் சுமார் 45,000 பவுண்டு அழுத்தம். இந்த மருந்து எழுப்பியதோ 2,50,000! விசையை அழுத்தினால் துப்பாக்கியே வெடித்து, உள்ளே இருக்கும் இரும்புப் பாகம் சுடுகிறவனின் முகத்தை நோக்கிப் பின்னால் பாயும்.

11,565 ஏகே தோட்டாக்கள் இப்படித் தயாராயின. கூடவே கனரக இயந்திரத் துப்பாக்கிக்கு 556. மோர்ட்டார் குண்டுகளையும் விட்டுவைக்கவில்லை. 1967-லிருந்து இவை காட்டுக்குள் போக ஆரம்பித்தன. ஒரு மேகசினுக்கு ஒன்று, ஒரு பெட்டிக்கு ஒன்று. அதற்கு மேல் கிடையாது. ஏன் என்கிறீர்களா? அந்த ஒன்று வெடித்ததும் சாட்சியமும் சேர்ந்து சிதறிவிடும். பெட்டியில் மிச்சம் இருப்பதை எத்தனை முறை சோதித்தாலும் எல்லாமே பரிசுத்தமான தோட்டாக்கள்!

நாலு பேரைக் கொல்வதற்கா இவ்வளவு பாடு? இல்லை. சீனத் தோட்டாவைப் பார்த்தாலே எதிரி சிப்பாய்க்குக் கை நடுங்க வேண்டும். அதுதான் குறி. அதற்காகப் பொய்க் கடிதங்கள் தயாரித்தார்கள். சீனத் தொழிற்சாலைகளில் தரக் கோளாறு, சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லும் கடிதங்கள். சீனாவுக்கும் வியட்நாமுக்கும் பல நூற்றாண்டுகளாகவே உள்ளூர உரசல் உண்டு. அந்தப் புண்ணைத்தான் நெருடிப் பார்த்தார்கள். இதே ரீதியில் அமெரிக்க ராணுவத்தின் பெயரிலேயே ஒரு தொழில்நுட்ப அறிக்கையும் சைகோனில் உலவ விடப்பட்டது, எதிரி உளவாளி கையில் கிடைக்கட்டும் என்று! எனக்கு இதில்தான் வயிற்றைக் கலக்குகிறது. மாதக்கணக்கில் நடந்து, மலேரியாவுக்கும் விமானக் குண்டுக்கும் தப்பி வந்த ஒரு கிராமத்துப் பையன். அவனிடம் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை தோளில் தொங்கிய துப்பாக்கிதான். அதையும் பிடுங்கிவிட்டார்கள்.

வைக்கப் போனவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. 1968 நவம்பர் 30 அன்று, இந்தக் கள்ளச் சரக்கோடு லாவோஸ் மேல் பறந்த ஒரு ஹெலிகாப்டரை விமான எதிர்ப்பு பீரங்கி அடித்தது. அதில் இருந்த ஏழு அமெரிக்கர்களும் திரும்பவில்லை.

1969 நடுவில் அமெரிக்கப் பத்திரிகைகளில் விஷயம் கசிந்தது. பெயரை மாற்றிப் பார்த்தார்கள். 'இத்தாலியன் கிரீன்' என்றார்கள், 'போல் பீன்' என்றார்கள். ரகசியம் போனபிறகு பெயரில் என்ன இருக்கிறது? திட்டம் மூட்டை கட்டப்பட்டது. பின்னாளில் வெளியான ஆவணக் கணக்குப்படி, அதுவரை காட்டில் விதைத்தவை 3,638 ஏகே தோட்டாக்கள்.

ஒரு கூத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே! எஸ்.ஓ.ஜி. வீரர்களே காட்டில் எதிரி போல வேஷமிட ஏகே துப்பாக்கியைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது கைப்பற்றிய தோட்டாவை அவர்களே தொட முடியாது. எது அசல், எது மூத்த மகன் என்று கண்டுபிடிக்க முடியாதபடிதான் அவ்வளவு நேர்த்தியாகச் செய்து வைத்திருக்கிறார்களே! ராணுவ வானொலியில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எச்சரிக்கைகூடக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் எஸ்.ஓ.ஜி. வீரர்கள் தோட்டாவுக்கு என்ன செய்தார்கள்? அந்தப் பிரிவில் இருந்த ஜான் பிளாஸ்டர் எழுதியிருக்கிறார்: பின்லாந்தில் ஒரு தரகரைப் பிடித்துக் காசு கொடுத்து வாங்கினார்களாம். அந்தத் தரகர் சரக்கு எடுத்தது சோவியத் யூனியனின் தொழிற்சாலையிலிருந்து!