ஆசை ஞானஸ்நானம்

ஞானஸ்நானம் பெற மனதார விரும்பியும், பெறுமுன் இறந்தவருக்கு அந்த விருப்பமே மீட்பளிக்கப் போதும் என்னும் கிறிஸ்தவக் கோட்பாடு. நீராலும் ஆவியாலும் பிறப்பதை யோவான் நற்செய்தி (3:5) வலியுறுத்துவதால், நீரின்றி மீட்பு உண்டா என்ற கேள்வி திருச்சபையில் தொடக்கமுதலே எழுந்தது.

கி.பி. 392இல் இளம் உரோமைப் பேரரசர் இரண்டாம் வாலெந்தினியன் வியேன் நகரில் மாண்டார். தமக்கு ஞானஸ்நானம் கொடுக்க வருமாறு மிலான் ஆயர் அம்புரோசுக்கு ஆளனுப்பியிருந்தார். ஆயர் போய்ச் சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. அழுது நின்ற சகோதரிகளை அம்புரோசு தம் இரங்கலுரையில் தேற்றினார்: அவன் கேட்டதை இறைவன் கொடுத்திருப்பார், மறைசாட்சிகளைச் சிந்திய இரத்தம் கழுவுமென்றால், இவனை இவன் பக்தியும் விருப்பமும் கழுவும். இக்கோட்பாட்டின் உயிர்நாடி இந்த உரையில்தான் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல், ஞானஸ்நானமோ அதற்கான விருப்பமோ தேவை என வரையறுத்தது. லுத்தரன் சபையினர் ஞானஸ்நானம் கிடைக்காமற்போவதை அன்றி, அதை இகழ்வதையே குற்றமாகக் கருதுகின்றனர். பாப்திஸ்து சபையினருக்கு ஞானஸ்நானம் மீட்படைந்தவர் கீழ்ப்படிதலுடன் அளிக்கும் வெளிப்படையான சாட்சி.

விரும்பவும் அறியாமல், ஞானஸ்நானமும் பெறாமல் இறக்கும் பச்சிளங்குழந்தைகளே கடினமான கேள்வி. அவர்களுக்கும் மீட்புண்டு என நம்ப வலுவான காரணங்கள் இருப்பதாகக் கத்தோலிக்க அனைத்துலக இறையியல் குழு 2007இல் அறிவித்தது.