காடு யாருக்கு? – சாமுவேல் ஹேஸ்

அமெரிக்க அரசியல் வரலாறு என்றால் நமக்கு லிங்கன், கென்னடி, நிக்சன் என்று ஜனாதிபதிகளின் வரிசைதான் ஞாபகம் வரும். ஆற்றில் அணை கட்டுவதா, காட்டில் எந்த மரத்தை வெட்டுவது என்பதை யார் முடிவு செய்தார்கள்? அதுவும் அரசியல் வரலாறுதான் என்று காட்டியவர் சாமுவேல் பி. ஹேஸ் (1921–2017).

இண்டியானா மாநிலத்துக்காரர். இரண்டாம் உலகப்போரில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். அப்படி மறுத்தவர்களுக்கு அரசு மாற்று வேலை கொடுத்தது. இவருக்குக் கிடைத்தது ஆரிகன் காடுகளில். பிறகு 1953-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், 1960 முதல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம்.

அவர் பெயரை நிலைநாட்டியது 1959-ல் வந்த 'கன்சர்வேஷன் அண்ட் த காஸ்பல் ஆஃப் எஃபிஷியன்ஸி'. தியோடர் ரூஸ்வெல்ட் காலத்து வனப் பாதுகாப்பு, பேராசைக்கார கம்பெனிகளுக்கு எதிராக மக்கள் நடத்திய போராட்டம் என்றுதான் அதுவரை எழுதி வந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஹேஸ் ஆவணங்களைப் புரட்டிவிட்டு வேறு கதை சொன்னார். அதை நடத்தியவர்கள் வனவியலாளர்கள், நீரியல் வல்லுநர்கள், பொறியாளர்கள். அவர்கள் வெறுத்தது லாபத்தை அல்ல, வீணடிப்பதை. பெரிய கம்பெனிகளில் பல அவர்களோடு ஒத்துப்போகவும் செய்தன. வனத்துறையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ, யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டுவதை ஆதரித்தார். ஜான் மியூர் எதிர்த்தார். 1913-ல் அணைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர் கட்சிகள்!

1987-ல் வந்த 'பியூட்டி, ஹெல்த் அண்ட் பெர்மனன்ஸ்' அடுத்த கட்டம். போருக்குப் பின் வருமானமும் படிப்பும் உயர்ந்த அமெரிக்கர்கள் சுத்தமான காற்று, நல்ல தண்ணீர், அழகான சூழல் ஆகியவற்றை வாழ்க்கைத்தரத்தின் பகுதியாகக் கேட்க ஆரம்பித்தார்கள் என்கிறார். முன்பு மேலிருந்து நிபுணர்கள் சொன்னது, இப்போது கீழிருந்து வந்த கோரிக்கை. 1981-ல் பதவிக்கு வந்த ரீகன் சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்தப் பார்த்தபோது எழுந்த எதிர்ப்பு இந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

ஆனால் எனக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது. 1982-ல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், பிசிபி நஞ்சு கலந்த மண்ணைத் தங்கள் பகுதியில் கொண்டுவந்து புதைக்கக்கூடாது என்று லாரிகளை மறித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அது ஏழை மாவட்டம். வசதி பெருகியதால் அழகைத் தேடியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா? குப்பை ஏன் எப்போதும் எங்கள் வாசலுக்கே வருகிறது என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.