கேப்டன் ட்ரைப்பும் வெள்ளை வானமும்

ரொம்ப நாளாவே எழுதணும்னு நெனச்சிட்டு இருந்த விஷயம் மக்களே. யாராவது ஒரு இயற்கைக்காட்சிப் படத்தை எடுத்து நீட்டி "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, நாம சொல்ற பதில் பெரும்பாலும் ரெண்டே வகைதான். ஒண்ணு, "சூப்பர் அண்ணாச்சி". இன்னொண்ணு, "என்னமோ குறையுதுப்பா". ரெண்டுலயும் எடுத்தவனுக்கு ஒரு பைசா பிரயோசனம் கிடையாது. இந்தப் பிரச்சினை டிஜிட்டல் கேமராவோட வந்ததுன்னு நெனச்சா அது தப்பு. நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு நூத்தி எழுபது வருஷ வரலாறு இருக்கு.

லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ஆளு. 1822ல இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, 1839ல கிழக்கிந்தியக் கம்பெனியோட சென்னைப் படையில் சேர்ந்தவர். விடுப்புல ஊருக்குப் போன சமயத்துல புகைப்படம் பழகி, 1853ல லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டியில உறுப்பினரும் ஆயிட்டார். திரும்பி வந்து 1854 கடைசியில மைசூர்ப் பக்கம் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். அதுல 68 படங்களை 1855ல சென்னையில நடந்த பெரிய பொருட்காட்சிக்குக் கொடுத்தார்.

அங்க நடுவர் குழு என்ன பண்ணுச்சுங்கறதுதான் முக்கியம். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்கள்ல சிறந்த வரிசை இதுதான்னு வகை பிரிச்சுச் சொல்லி முதல் வகுப்புப் பதக்கம் கொடுத்துச்சு. சும்மா "நல்லாருக்கு"ன்னு போகல. எந்த வகையில, எதோட ஒப்பிட்டு நல்லாருக்குன்னு சொல்லிருச்சு. அடுத்த வருஷம், 1856ல, மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பமாச்சு. முன்னால நின்னவர் அலெக்சாண்டர் ஹன்டர்னு ஒரு டாக்டர். 1850ல சென்னையில ஓவியப் பள்ளி தொடங்கினாரே, அவரேதான். அந்தப் பள்ளிதான் இன்னைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி. படம் எடுக்கறவங்க ஒண்ணாக் கூடி, ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பார்த்துப் பேசறதுக்கு நம்ம ஊர்ல இடம் உருவானது அப்போதான்.

அதே 1856ல ட்ரைப்பை சென்னை அரசு தன்னோட அதிகாரபூர்வ புகைப்படக்காரரா நியமிச்சுது. 1857 டிசம்பர்ல பெங்களூர்ல இருந்து மாட்டு வண்டிகள்ல சாமான்களை ஏத்திக்கிட்டு கிளம்பினார். ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு போயி, 1858ல படத் தொகுப்புகளா வெளியிட்டார். மதுரைத் தொகுப்புல கோயில், மஹால் மட்டுமில்ல, யானைமலையோட தோற்றமும், வைகை ஆத்துக்குக் குறுக்க தரைப்பாலம் தெரியற காட்சியும் இருக்கு. மதுரைக்காரங்க ஒரு தடவையாவது தேடிப் பாருங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளிக்கு ரொம்ப வேகமா மசியும், பச்சைக்கும் சிவப்புக்கும் மெதுவாத்தான். அதனால மரமும் மண்ணும் பதியறதுக்குள்ள வானம் வெந்து வெளுத்துப் போயிரும். ட்ரைப் என்ன செஞ்சார்? காகித நெகட்டிவ் மேலயே வண்ணம் பூசி வானத்தைச் சரி பண்ணினார். சில படங்கள்ல மேகத்தையே வரைஞ்சார். 1855ல பர்மா தூதுக்குழுவோட போய் எடுத்த படங்கள்ல இந்த வேலை நல்லாத் தெரியும்.

இதை இன்னைக்கு ஒருத்தன் செஞ்சா நாம என்ன சொல்லுவோம்? "மேகம் ஒட்டு வேலை, ஏமாத்து"ன்னு ஒரே வரியில முடிச்சிருவோம். ஆனா கேமராவால முடியாததைக் கையால நிரப்பினார்னு தெரிஞ்சா, நம்ம கேள்வியே மாறிரும். "இந்த மேகம் நிஜமா?"ங்கறதை விட்டுட்டு "இந்த மேகம் படத்துக்கு என்ன செய்யுது?"ன்னு கேப்போம். இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் எடுத்தவனால பதில் சொல்ல முடியும்.

இன்னொரு உதாரணம். தஞ்சைப் பெரிய கோயிலோட அடித்தளத்துல ஓடற கல்வெட்டை 21 நெகட்டிவா எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளா ஆக்கினார். அழகு, ஆழம், சட்டகம்னு பார்த்தா அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் கல்லு. ஆனா அது வாசிக்கறதுக்காக எடுத்தது. எழுத்து தெரியுதா, வரி விடுபடாம வருதான்னு மட்டும்தான் அதுகிட்ட கேக்கணும். படம் எதுக்காக எடுத்ததுன்னு தெரியாம சொல்ற எந்தக் கருத்தும் குருட்டாம்போக்குதான்.

கடைசியில ட்ரைப்புக்கு வந்தது கருத்து இல்ல, தீர்ப்பு. 1859ல கவர்னரா வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யான், அரசாங்கம் இருக்கற நிதி நிலைமையில இதெல்லாம் கட்டுப்படியாகாத ஆடம்பரம்னு சொல்லி வேலையை நிறுத்திட்டார். 1857 கலகத்துக்கு அப்புறம் கஜானா காலி, அதனால அவர் கணக்கு தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த ஒரு முடிவோட, முப்பத்தேழு முப்பத்தெட்டு வயசுல ட்ரைப்போட பெரிய வேலையெல்லாம் முடிஞ்சு போச்சு. அப்புறம் படம் எடுத்தது அபூர்வம். 1902ல இறந்து போனார். 2014–15ல வாஷிங்டன், நியூயார்க், லண்டன்னு மூணு ஊர்ல அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்துச்சு. காலதாமதமான "சூப்பர்" :-(

வாங்கிக்கறவன் எப்படி இருக்கணும்ங்கறதுக்கும் ஒரு ஆள் இருக்கார். பீட்டர் ஹென்றி எமர்சன், இங்கிலாந்துக்காரர். புகைப்படமும் கலைதான்னு அடிச்சுப் பேசி 1889ல புத்தகமே போட்டார். 1887ல ஒரு போட்டிக்கு நடுவரா இருந்து, ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ்ங்கற இளைஞனுக்கு முதல் பரிசு கொடுத்து உற்சாகப்படுத்தினவரும் இவர்தான். புத்தகம் வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. ஒரு ஓவியர் வச்ச வாதமும், படலத்தைப் பத்தி வந்த புது ஆராய்ச்சியும் அவரை அசைச்சிருச்சு. கறுப்புக் கரை கட்டி, தன் கொள்கை செத்துப் போச்சுன்னு தானே துண்டுப் பிரசுரம் போட்டார். அவ்வளவு தூரம் போகணுமான்னா, வேண்டாம். அதுக்கப்புறமும் அவர் எடுத்த படங்கள் அருமையாத்தான் இருந்துச்சு. ஒரு வாதத்துல தோத்தா அந்த வாதத்தைத் திருத்தினாப் போதும், மொத்தத்தையும் கொளுத்த வேண்டியதில்லை.

இதெல்லாம் எங்க ஊர் வெம்பக்கோட்டைக்கு எதுக்குன்னு கேப்பீங்க. ட்ரைப்போட தொகுப்புகள்ல எங்க கரிசக்காடு இல்ல. ஆனா அவர் பட்ட அதே பாடு இங்க உண்டு. மத்தியானம் கரிசலைப் படமெடுத்தா, கறுப்பு மண்ணைப் பார்த்து கேமரா மீட்டர் இருட்டுன்னு ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிரும். மண்ணு சாம்பலாயிரும், வானம் வெள்ளைத்தாள் ஆயிரும். இங்க எடுக்கற பையன்கிட்ட "வானம் சரியில்ல"ன்னா அவன் வானத்தைத்தான் மொறைப்பான். "மண்ணு கறுப்பு தம்பி, அதான் மீட்டர் ஏமாந்திருச்சு. ஒரு ஸ்டாப் கம்மி பண்ணு, இல்ல சாயங்காலம் வைப்பாத்துப் பக்கம் வா"ன்னு சொன்னா அடுத்த படம் மாறும். இதே ஊர்ல 2022ல இருந்து மூணு கட்டமா தொல்லியல் துறை அகழாய்வு நடத்துச்சு. அந்தக் குழிகளை எடுக்கற படத்துல அளவுகோல் இருக்கணும், நிழல் விழக்கூடாது. சாயங்கால நிழலை வச்சுக் கவிதை பாடற படம் அங்க உதவாது. ஒரே மண்ணுதான், நோக்கம்தான் வேற.

ஆகவே மக்களே, அடுத்த தடவை யாராவது படம் காட்டினா மூணே விஷயம் போதும். எதுக்கு எடுத்தேன்னு முதல்ல கேளுங்க. உங்க கண்ணு முதல்ல எங்க போச்சு, எங்க வழுக்கி வெளிய வந்துச்சுன்னு சொல்லுங்க. அவனால மறுபடி செஞ்சு பார்க்கக்கூடிய ஒரே ஒரு மாத்தத்தைச் சொல்லுங்க. பத்து குறை சொன்னா அவன் கேமராவை வித்துருவான். கவர்னர் வேலையை கவர்னர் பார்த்துக்கட்டும், நாம ஹன்டர் வேலையைப் பார்ப்போம்.

டிஸ்கி: இந்தப் பதிவுக்கும் இதே விதிதான். "அருமை"ன்னு மட்டும் சொல்லிட்டு ஓடாதீங்க :-)