கவாலியர் நாயும் அதன் இதயமும்

சிறு நாய்களுக்கு முதுமையில் வரும் இதயக் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வின் இதழ்கள் தடித்துச் சுருண்டு, சரியாக மூடாமல் போகின்றன. உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்கே திரும்பப் பீய்ச்சப்படுகிறது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இதய முணுமுணுப்பு அந்தப் பீய்ச்சலின் ஓசைதான். பொமரேனியன், டேக்ஸ்ஹண்ட், சிவாவா எல்லாவற்றுக்கும் இது வரும். ஆனால் பத்து வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் தலைகாட்டும். இங்கிலாந்தின் கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலுக்கு மட்டும் ஐந்தாறு வயதிலேயே வந்துவிடுகிறது. பத்து வயதைத் தாண்டிய கவாலியர்களில் முணுமுணுப்பு இல்லாத நாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இனத்தின் பெயர் இரண்டாம் சார்லஸ் மன்னரிடமிருந்து (ஆட்சி 1660–1685) வந்தது. அவருடைய அரண்மனையில் குட்டி ஸ்பேனியல்கள் இஷ்டம்போல் திரிந்தன. அவைக் கூட்டத்தில் மன்னர் அலுவலைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததை, கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1667இல் சலிப்போடு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தக் கால ஓவியங்களில் காணப்படும் நாய்களுக்கு நீண்ட மூக்கு, தட்டையான உச்சந்தலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரசனை மாறியது. சப்பை மூக்கும் உருண்டைத் தலையும் அழகு என்றானதும், வளர்ப்பவர்கள் அதையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். பழைய முகம் ஏறக்குறைய காணாமல் போனது.

அதைத் தேடிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து வந்தவர் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ். ஓவியங்களில் உள்ளதுபோன்ற ஸ்பேனியல் கிடைக்காமல் ஏமாந்த அவர், 1926இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பழைய முகவெட்டுள்ள சிறந்த ஆண் நாய்க்கும் பெட்டைக்கும் தலா 25 பவுண்டு பரிசு அறிவித்தார். சப்பை மூக்கு வளர்ப்பாளர்கள் தாங்கள் கழித்துப்போட்ட நாய்களையே பரிசுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1928இல் தனிச் சங்கம் அமைந்தது. ஆன்ஸ் சன் என்ற நாயை முன்னே நிறுத்தி, அதைப் பார்த்தே இனத்தின் இலக்கணம் எழுதப்பட்டது. எல்ட்ரிட்ஜ் அதற்குள் இறந்துவிட்டார். 1945இல் கென்னல் கிளப் கவாலியரைத் தனி இனமாக ஏற்றது.

ஓவியத்தின் முகம் இப்படித் திரும்பக் கிடைத்தது. ஆனால் புதிய இனம் சில நாய்களின் வம்சத்திலிருந்தே பெருகியது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்ததால் அவற்றின் குறைகளும் கூடவே நிலைத்தன. இதயக் கோளாறு குறிப்பாக வளர்ப்பவர்களின் கண்ணுக்குத் தப்பியது. கண்காட்சி நடுவர் மூக்கையும் நடையையும் பார்ப்பாரே தவிர, நெஞ்சில் காது வைப்பதில்லை. மேலும், பெட்டை இரண்டு மூன்று வயதில் குட்டி போட்டுவிடும். முணுமுணுப்பு கேட்பதற்குள் அந்தக் குட்டிகளே ஈன்றிருக்கும். இந்த இனத்தில் வால்வுக் கோளாறு மிகுதி என்று 1980களின் இறுதியில் பிரிட்டன் கால்நடை மருத்துவர்கள் எழுதியபோது, கவாலியர் பல நாடுகளில் பரவியிருந்தது.

கேட்பதற்கான கருவியோ வெகு முன்பே இருந்தது. பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கினார். பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் லெவின் 1933இல் மனித முணுமுணுப்பை ஆறு படிகளாகப் பிரித்தார். இன்று நாய்க்கும் அதே ஆறு படிதான். முதல் படி, அமைதியான அறையில் உற்றுக் கேட்டால்தான் பிடிபடும். ஐந்தாம் படியில் நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும்.

மருந்துகளும் மனிதரிடமிருந்தே வந்தன. வில்லியம் விதரிங் 1785இல் விளக்கிய டிஜிட்டாலிஸ் செடியின் சாறு நெடுங்காலம் முதல் துணை. 1960களில் வந்த ஃபியூரோசமைடு என்னும் நீர் மாத்திரை, நுரையீரலில் தேங்கும் நீரை இறக்கி, மூச்சுத் திணறும் நாயை மீட்டது. பெரிய திருப்பம் பிமோபெண்டன் என்னும் இதய மருந்து. முணுமுணுப்பு கேட்ட உடனே மருந்து தொடங்கலாமா, திணறல் வரும்வரை காக்கலாமா என்ற வாக்குவாதத்துக்கு, 11 நாடுகளில் 360 நாய்களைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான எபிக் ஆய்வு விடை தந்தது. முணுமுணுப்போடு இதயமும் பெருத்துவிட்ட நாய்களுக்கு மருந்து கொடுத்தபோது, இதயம் செயலிழப்பதோ அதனால் இறப்பதோ சராசரியாக 15 மாதம் தள்ளிப்போனது. இதயம் பெருக்காத நாய்க்கு இன்றும் மாத்திரை இல்லை. எக்ஸ்ரேயும் எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுத்துக் கண்காணிப்பதுதான். ஜப்பானில் மசாமி உயெச்சி குழுவினர் வால்வையே தைத்துச் சீராக்குகிறார்கள். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் மிகச் சிலரே.

மற்றவர்களுக்கு மருந்தும் கண்காணிப்பும்தான் வழி என்பதால், முதிய நாயின் வைத்தியத்தில் பாதி வீட்டுக்கு வந்துவிட்டது. நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கிறார்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் அடிக்கடி போனால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இருமலைவிட இது நம்பத்தக்க அறிகுறி. பெருத்த மேலறை மூச்சுக்குழலை அழுத்தினாலும் இருமல் வரும், மூச்சுக்குழலே தளர்ந்தாலும் வரும். பிமோபெண்டனைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுப்பது வழக்கம். நீர் மாத்திரை சாப்பிடும் நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், வீட்டுக்குள் சிறுநீர் விடும். அதைப் பார்த்துத் தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்துவைப்பது ஆபத்து. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் வாரும், உப்பு மிகுந்த அப்பளமும் ஊறுகாய்ச் சோறும் இல்லாத தட்டும் நல்லது.

நோயை வம்சத்திலிருந்தே குறைக்கும் முயற்சி வளர்ப்பாளர்கள் கையில் இருக்கிறது. நாயை இரண்டரை வயதுக்கு முன் இணை சேர்க்கக் கூடாது, அதன் தாய் தந்தை ஐந்து வயதிலும் முணுமுணுப்பின்றி இருக்க வேண்டும் என்ற விதி 1990களின் இறுதியில் வகுக்கப்பட்டது. பல நாடுகளில் அது வெறும் பரிந்துரையாக நின்றது. டென்மார்க் இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அந்தத் திட்டத்தில் பிறந்த நாய்களிடம் நோய்க்கான வாய்ப்பு 73 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நார்வேயில் விலங்கு நலச் சங்கம் வழக்கே தொடுத்தது. கவாலியரைத் தூய இனமாகப் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் ஏற்கெனவே உள்ள கவாலியரை வைத்திருப்பதற்கு அதில் தடையில்லை.