நக்கவாரத்து ரேட்

2024 செப்டம்பர் 13ஆம் தேதி ராத்திரி கும்பகோணத்திலிருந்து அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, இனிமே உங்க ஊர் போர்ட் பிளேர் இல்லையாமே, ஸ்ரீ விஜய புரமாமே! நம்ம சோழர் கப்பற்படை அங்கதான் இருந்துச்சாமே!" குரலில் அப்படி ஒரு பூரிப்பு. ராஜேந்திர சோழனே கையெழுத்துப் போட்டு என்னை இங்கே டிரான்ஸ்பர் பண்ணி அனுப்பின மாதிரி. நானோ, இனி எத்தனை ரப்பர் ஸ்டாம்ப் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். :-)

"ஆமாம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறுத்தல். நான் படித்தது பி.காம். சரித்திரம் பத்தாவதோடு சரி. ஆனால் வவுச்சரைப் பார்க்காமல் பாஸ் பண்ணக் கூடாது என்பது இருபது வருஷப் பழக்கம். அதனால் வவுச்சரைத் தேட ஆரம்பித்தேன்.

முதல் வவுச்சர் நம்ம தஞ்சாவூர் பெரிய கோவிலிலேயே இருக்கிறது. ஸ்கூல் டூரில் அந்தச் சுவரில் சாய்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன், எழுத்தைப் பார்த்ததில்லை. 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பற்படை கடல் தாண்டிப் போய் ஸ்ரீவிஜய அரசை அடித்தது. 1030இல் வெட்டிய கல்வெட்டில் அந்தப் படையெடுப்பில் பிடித்த ஊர்கள் வரிசையாக வருகின்றன. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம். பெரும்பாலும் சுமத்ரா, மலாய் பக்கத்து ஊர்கள். மாநக்கவாரம்தான் நிக்கோபார்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடைமொழி உண்டு. ஒன்றுக்கு அகழி, ஒன்றுக்கு மலைக்கோட்டை. நக்கவாரத்துக்கு என்ன தெரியுமா? தேன் எடுக்கிற சோலைகள். அவ்வளவுதான். கோட்டை இல்லை, ராஜா பெயர் இல்லை, கொள்ளையடித்த பொருள் என்று தனியாக எதுவும் இல்லை. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனின் யானைகளும் பொக்கிஷமும் ரத்தினம் பதித்த வாசல் கதவும் வந்ததெல்லாம் அதே கல்வெட்டில் இருக்கிறது. நக்கவாரத்திலிருந்து வந்த வரவு ஒன்றும் இல்லை. கப்பற்படைத் தளம் என்றும் அதில் இல்லை. தவிர, நான் உட்கார்ந்திருக்கிற இந்த ஊர் அந்தமான். நிக்கோபாருக்கும் இதற்கும் நடுவில் பத்து டிகிரி கால்வாய் என்று சுமார் 150 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. கல்வெட்டில் அந்தமான் வரவே இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஸ்ரீவிஜயம் என்பது சோழன் பேரரசு இல்லை, சோழனிடம் அடி வாங்கியவனின் பேரரசு! அரசு அறிவிப்பில் சுதந்திரப் போராட்ட வெற்றி, சோழர் கடற்படைத் தளம் என்று இரண்டு காரணமும் இருந்தது. 'விஜயம்' வெற்றி என்கிற அர்த்தத்தில் வந்தது என்றே எடுத்துக்கொள்வோம். ஆனால் மருமகனிடம் இதை எப்படிச் சொல்வது?

சரி, அடுத்த வவுச்சர். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ராஜேந்திரனுக்கு முந்நூற்றைம்பது வருஷம் முன்பு, யிஜிங் (நாம் பாடப் புத்தகத்தில் படித்த இட்சிங்) என்ற சீனத் துறவி 671இல் கிளம்பி, ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி சமஸ்கிருத இலக்கணம் படித்து, கடாரத்தில் கப்பல் ஏறி, 673இல் வங்காளத்துத் தாமிரலிப்திக்கு வந்து சேர்ந்தார். கடாரத்திலிருந்து பத்து நாளுக்கு மேல் வடக்கே வந்தபோது 'அம்மண மனிதர்கள் நாடு' வந்தது என்று எழுதியிருக்கிறார். நிக்கோபார்தான் அது என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். கரையெல்லாம் தென்னையும் பாக்கும். கப்பலைப் பார்த்ததும் நூற்றுக்கும் மேலே சின்னப் படகுகள் வந்து சூழ்ந்தன. தேங்காய், வாழைப்பழம், பிரம்பு மூங்கில் சாமான்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது இரும்பு, இரும்பு மட்டும்தான். ரேட்டையும் மனுஷர் குறித்து வைத்திருக்கிறார்: இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்திலிருந்து பத்து தேங்காய்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1,300 வருஷம் பழைய எக்ஸ்சேஞ்ச் ரேட்! துணி கொடுத்தால் கையை ஆட்டி வேண்டாம் என்பார்களாம். வியாபாரம் பண்ண மறுத்தால் விஷ அம்பு வரும் என்றும் எழுதியிருக்கிறார், அதையும் மறைக்கவில்லை. 851இல் தொகுத்த அரபு வணிகர்களின் குறிப்பிலும் இதே ஆட்கள், இதே இரும்பு, இதே தேங்காய், கூடவே அம்பர்.

அரபுக் குறிப்பு அந்தமானுக்கு வரும்போது மட்டும் தொனி மாறுகிறது. அங்கே மனிதனை உயிரோடு தின்பார்கள் என்கிறது. வியாபாரம் நடந்த தீவுக்கு விலைவாசி, நடக்காத தீவுக்குப் பூச்சாண்டி!

மார்கோ போலோ இன்னும் ஒரு படி மேலே. சுமத்ராவில் காற்றுக்காக ஐந்து மாதம் காத்திருந்தவர், இந்தத் தீவுகளில் தங்கியதாகச் சொல்லவில்லை. 1298இல் ஜெனோவா சிறையில் இருந்தபோது சக கைதி ருஸ்டிசெல்லோவிடம் கதையாகச் சொன்னார். அதில் அந்தமான்காரர்களுக்கு நாய்த் தலை. நிக்கோபார்காரர்களுக்கு ராஜாவே கிடையாது. இருபது முப்பது வருஷம் கழித்து ஒடோரிக் என்ற பாதிரியார் வந்தார். அவர் புத்தகத்தில் அந்த நாய்த் தலை நிக்கோபாருக்கு மாறிவிட்டது. அது மட்டுமா, ராஜா இல்லாத தீவுக்கு முத்து மாலையும் பெரிய மாணிக்கக் கல்லும் போட்ட ராஜா ஒருவரும் வந்துவிட்டார். தலையையே ஒரு அக்கவுண்டிலிருந்து இன்னொரு அக்கவுண்டுக்கு டிரான்ஸ்பர் பண்ணிவிட்டார்கள்!

நம்மாட்கள் மட்டும் யோக்கியமா என்று மணிமேகலையைப் புரட்டினேன். ஆதிரையின் கணவன் சாதுவன், சூதாடிக் காசெல்லாம் தொலைத்துவிட்டு வணிகரோடு கப்பல் ஏறுகிறான். கப்பல் உடைந்து, நாகர்கள் வாழும் ஒரு மலையில் ஒதுங்குகிறான். ஆடையில்லாதவர்கள், மனிதனைத் தின்பவர்கள். அந்த இடம் நிக்கோபார்தான் என்று சிலர் சொல்கிறார்கள், நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சாதுவன் எப்படித் தப்பித்தான்? அவனுக்கு அவர்கள் பாஷை தெரிந்திருந்தது. பேசினான், பிழைத்தான். கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதீர்கள் என்று தலைவனிடம் கேட்டுக்கொண்டு, அவன் கொடுத்த அகிலும் சந்தனமும் துணிகளுமாக ஊர் திரும்பினான். பூச்சாண்டி நம்ம கதையிலும் உண்டு. ஆனால் நம்ம பூச்சாண்டிக்குப் பேச வாய் இருக்கிறது.

போன வருஷம் கவுண்டருக்கு ஒரு நிக்கோபாரிப் பெரியவர் வந்தார், கொப்பரை விற்ற பணம் போட. கூட்டம் இல்லாத நேரம். அரைகுறை இந்தியில் கேட்டேன், ரொம்பக் காலம் முன்னால் கப்பல் கப்பலாக வந்த ராஜா பற்றி உங்கள் பக்கம் ஏதாவது கதை உண்டா என்று. சிரித்தார். "ராஜா கதை எனக்குத் தெரியாது சார். எங்க ஊருக்குக் கேப்டன்தான்." அங்கே கிராமத் தலைவருக்கு இன்றும் கேப்டன் என்றுதான் பெயர். தேங்காய்க்கு வந்த கப்பல்களின் கேப்டன்களோடு பேரம் பேசிப் பழகியதில் ஒட்டிக்கொண்ட பட்டம் என்பார்கள். ரூபாய் புழங்கத் தொடங்கின பிறகும், வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே சாமான்களுக்குத் தேங்காய்க் கணக்கில்தான் விலை.

சுனாமியில் உங்கள் தோப்பு போச்சா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 பற்றி அவர்களாகச் சொன்னால் ஒழிய இங்கே யாரும் கேட்பதில்லை. நோட்டை இரண்டு தடவை எண்ணிவிட்டு ஸ்லிப்பில் சீல் வைத்துக் கொடுத்தேன்.

மருமகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப சோழர் வந்தாங்களா இல்லையா மாமா?" என்றான். "நிக்கோபார் பேர் கல்வெட்டுல இருக்குடா, அது நிஜம். தளம் வச்சிருந்தாங்கன்னு கல்வெட்டுல இல்லை" என்றேன். "அந்த சீன சாமியார் மாதிரி நம்மாளு ஒருத்தர்கூட ரேட் எழுதி வைக்கலையா?" என்று கேட்டான் பாருங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. சுமத்ராவின் பாருஸில் 1088இல் நம்ம ஐந்நூற்றுவர் வணிகர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கப்பலில் வருபவர்கள் கஸ்தூரி விலைக் கணக்கில் பொன் கட்ட வேண்டும் என்று அதில் இருப்பதைச் சொல்லிச் சமாளித்தேன்.

மே மாதம் லீவுக்கு வருகிறானாம், கார் நிக்கோபார் பார்க்கணுமாம். பழங்குடியினர் பகுதி, தனியாக பாஸ் வேண்டும், டூரிஸ்டுகளுக்குக் கிடைக்காது என்று சொல்லியிருக்கிறேன். கப்பலில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், சாதுவன் கதையைப் படித்துவிட்டு வாடா என்றும் சொல்லியிருக்கிறேன்.